முதல் டம்ளர் யார் கையிலிருந்து வருகிறது? சிறுவர் குடியைத் தடுப்பது பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் குடி மீட்புப் பணியில் இருக்கும் மனநல சமூகப் பணியாளர் நான். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்து ஊர்க்குழுக்களோடு சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கு மது போகாமல் பார்க்கும் வேலையும் செய்கிறேன். இது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

அக்கா, என் மகன் பத்தாவது படிக்கிறான். சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டு வந்தவன் மேல வாடை அடிச்சுச்சு. அடிச்சுக் கேட்டும் வாயத் திறக்கல. இந்த வயசுப் பையனுக்கு எந்தக் கடையில குடுக்குறாங்க? (ஒரு அம்மா, மேலூர் பக்கம்)

கடைக்கே போயிருக்க மாட்டான் தாயி. என்னிடம் வரும் பையன்களிடம் "முதல் தடவை எங்கே?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு வீட்டு விசேஷத்தைத்தான் சொல்கிறார்கள். காதுகுத்து, கிடா வெட்டு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி. மண்டபத்துக்குப் பின்னால், சமையல் பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், மிக்சர் வாங்கி வர அங்கே சுற்றுகிற பையனைத்தான் அனுப்புவார்கள். மிச்சச் சில்லறை அவனுக்கு. எழுந்து போகும்போது "டம்ளரை எல்லாம் எடுத்துப் போட்ருடா" என்பார்கள். டம்ளரின் அடியில் ஒரு வாய் மிச்சம் இருக்கும். அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அடுத்த விசேஷத்தில் மாமன் முறை ஒருவர், "ஆம்பளப் பிள்ளதானே, ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று அவரே ஊற்றிக் கொடுப்பார்.

அதனால் "குடிச்சியா?" என்று அடிக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு, அவன் சாப்பிடும்போது "யாருப்பா குடுத்தாங்க?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் பேச வேண்டியது அந்தப் பெரிய மனுஷரிடம். நீங்கள் தனியாகப் போனால் சண்டையில் முடியும். அவர் மதிக்கிற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சின்னப் பையனை அனுப்பி சரக்கு வாங்கி வரச் சொன்னால் கேஸ் ஆகுமா? எங்க ஏரியாவில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. (பெட்டிக்கடைக்காரர், செல்லூர்)

ஆகும் அண்ணே. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. பதினெட்டுக்குக் கீழே என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்துவிடும். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 77ஆம் பிரிவு. மது விற்கவோ சுமந்து வரவோ குழந்தையைப் பயன்படுத்தினால் 78ஆம் பிரிவு. இரண்டுக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்தவர் கடைக்காரராக இருந்தாலும் சரி, சித்தப்பாவாக இருந்தாலும் சரி. இதை ஒரு அட்டையில் எழுதி உங்கள் கடையில் தொங்கவிடுங்கள். படித்துவிட்டு யோசிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே என் கண் முன்னால் கொஞ்சம் கொடுத்துப் பழக்கிவிட்டால் வெளியே போய்க் கண்டதைக் குடிக்க மாட்டான் இல்லையா? (ஒரு அப்பா, திருநகர்)

இல்லை சார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் பலன் நேர்மாறாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோரே கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடியது, அளவுமீறிக் குடிப்பதும் கூடியது. வீட்டில் கிடைத்ததை அவர்கள் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். 15 வயசுக்கு முன்னால் தொடங்கியவர் குடிநோயாளி ஆகிற வாய்ப்பு, 21க்கு மேல் தொடங்கியவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. முடிவெடுக்கிற, ஆசையை அடக்குகிற மூளைப் பகுதி முதிர இருபத்தைந்து வயசு வரைக்கும் ஆகிறது. அதற்கு முன்னால் பழக்கினால் பழக்கம்தான் நிற்கும், கட்டுப்பாடு நிற்காது.

பீர் மட்டும்தான் அக்கா. அது சரக்கே இல்லையே? (கல்லூரி மாணவர்)

கணக்குப் பார்ப்போம் தம்பி. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், சுமார் 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் சுமார் 40 கிராம். ஒன்றரை பாட்டில் பீர் குடித்தால் ஒரு குவார்ட்டர் அடித்ததாக அர்த்தம்.

நாங்க மகளிர் குழுவில் இருபது பேர் இருக்கோம். எங்க ஊர்ல இதை நிறுத்தணும்னு பேசியிருக்கோம். கடை முன்னாடி மறியல் பண்றதுதான் முதல் வேலையா? (குழுத் தலைவி, வாடிப்பட்டி பக்கம்)

மறியல் செய்ய வேண்டிய நேரமும் வரும். ஆனால் அதிலேயே ஆரம்பிக்காதீர்கள் அக்கா. கடையை மூடினாலும், பெட்டியோடு வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் வைத்து பிளாக்கில் விற்கிறவர் இருப்பார். அவர் வயசு கேட்கவே மாட்டார்.

முதலில் ஊருக்குள் பிள்ளைகளுக்கு எங்கெங்கே கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்மாய்க்கரை, பழைய பம்புசெட் அறை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் பின்பக்கம் என்று எங்கே காலி பாட்டில் கிடக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு இது முழுக்கத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். அப்புறம் ஊரில் அடுத்து வரும் விசேஷ வீடுகளுக்குப் போய், பத்திரிகை அடிக்கும் முன்பே பேசுங்கள். மேலூர் பக்கத்தில் ஒரு ஊரில் குழுப் பெண்கள் விசேஷ வீட்டாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியவங்க குடிக்கிறதப் பத்தி இன்னைக்கு நாங்க பேச வரல. எங்க பிள்ளைகள அந்தப் பக்கம் வேலைக்குக் கூப்பிடாதீங்க, அது போதும்." மண்டபத்தின் பின்வாசலில் இரண்டு பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பையனும் தாண்டிப் போகவில்லை. அப்பத்தாவை மீறிக்கொண்டு எவன் போவான்? இந்தக் கோரிக்கைக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டவர் அடுத்த வீட்டு விசேஷத்தில் தானே எடுத்துச் சொல்கிறார்.

இது நம் ஊர் யோசனை மட்டுமில்லை. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயசுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின ஒரு மாதத்துக்குள் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. நம் வீட்டில் சிறுவர்களுக்கு மது கிடையாது, ராத்திரி இத்தனை மணிக்கு மேல் வெளியே விட மாட்டோம் என்று பெற்றோர்கள் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்தில் விளையாட, பாட்டுக் கற்றுக்கொள்ள அரசு பணம் கொடுத்தது. பெற்றோர் ஒப்பந்தத்துக்குப் பத்து ரூபாய்கூடச் செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போட்டால் மூடுவார்களா? (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

தீர்மானம் போட்ட உடனே தானாக மூடிவிடாது. ஆனாலும் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் மனுவாகக் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளி, கோயிலிலிருந்து கடை தள்ளியிருக்க வேண்டிய தூரம் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். அதை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். பிள்ளைகள் நடக்கும் வழியில் பாட்டில் உடைந்து கிடப்பதையும் படம் எடுங்கள். 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 கடைகளை அரசு மூடியபோது, பள்ளிக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இருப்பதையும் ஒரு காரணமாகப் பார்த்தார்கள்.

இன்னொன்று. கடை திறக்கும் நேரம் பகல் 12 மணி. காலை ஏழு மணிக்கு ஊரில் பாட்டில் கிடைக்கிறது என்றால் அது பிளாக்தான். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 இலவச எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மாணவன் பையில் பாட்டில் இருந்தது. மற்ற பெற்றோர்கள் டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். (தலைமையாசிரியர், உசிலம்பட்டி வட்டாரம்)

தயவுசெய்து அனுப்பாதீர்கள் ஐயா. பள்ளிக்கூடம்தான் அவனைப் பகலில் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே விட்டால் செங்கல் சூளைக்கோ லாரிக்கோ போவான், அங்கே கூலியோடு குடியும் கிடைக்கும். எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டமும் இடம் கொடுக்காது. அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவர் தனியாகப் பேசட்டும். பெரும்பாலும் வீட்டில் ஏதோ ஒரு கதை இருக்கும். தினமும் வேண்டும் என்கிற நிலைமை இருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். வீட்டில் யாராவது அவனைக் குடிக்க வைக்கிறார்கள் என்று தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எங்க ஊர்ல குடிச்ச பையன்களைக் கூட்டத்துல நிறுத்தி, மொட்டை அடிச்சு வீடியோ போட்டோம். அதுக்கப்புறம் யாரும் குடிக்கல. (இளைஞர், பெயர் வேண்டாம்)

உங்கள் கண்ணில் படும்படி குடிக்கவில்லை. அவமானப்பட்ட பையன் ஊரை விட்டுப் போகிறான், இல்லையென்றால் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிறான். இரண்டையும் பார்த்திருக்கிறேன். வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காவல்துறை, குழந்தைகள் நலக் குழு என்று விஷயம் போனால், சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்கீழ் உங்கள் மேல் திரும்பும். அந்தக் கூட்டத்தில், அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவரை நிறுத்தினீர்களா?

சித்திரைத் திருவிழாவில் நாங்கள் என்ன செய்யலாம்? (இளைஞர் மன்றம், தல்லாகுளம்)

அழகர் ஆற்றில் இறங்குகிற முந்தின ராத்திரிதான் பல பையன்களுக்கு வீட்டை விட்டு முழு இரவும் வெளியே இருக்கக் கிடைக்கிற முதல் வாய்ப்பு. மோர்ப் பந்தல் போடுகிறீர்கள் இல்லையா? அந்த வேலையை ஒன்பதாவது, பத்தாவது பையன்களிடம் ஒப்படையுங்கள். ராத்திரி முழுக்க மோர் ஊற்றுவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, தொலைந்த குழந்தையை விசாரணைப் பந்தலில் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மன்றத்து அண்ணன்மார் அன்றைக்கு ஒரு சொட்டும் தொடக்கூடாது. பையன்கள் அப்பா சொல்வதைவிட, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் மருத்துவப் பரிசோதனையில் குடித்தது தெரிந்தால் மாடுபிடி வீரரைக் களத்தில் இறக்குவதில்லை. அந்த விதியை நம் ஆட்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், மன்றத்துக் கபடி அணிக்கும் அதையே வையுங்கள்.

என் வீட்டுக்காரரே குடிப்பவர். எந்த முகத்தோடு மகனைத் தடுப்பது? (ஒரு அம்மா, அவனியாபுரம்)

உங்கள் முகத்தோடுதான் தாயி, உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் நிறுத்தினால்தான் மகனைக் காப்பாற்ற முடியும் என்று காத்திருக்காதீர்கள். குடிக்காத ஒரு பொழுதில், காலையில், அவரிடம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். வீட்டுக்குள் வைத்துக் குடிக்க வேண்டாம். பையனைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். "நான்தான் இதுல மாட்டிக்கிட்டேன், நீ தொடாதே" என்று அவரே ஒரு தடவை மகனிடம் சொல்லட்டும். குடிக்கிற அப்பாக்கள் இதற்குச் சம்மதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் மகன் குடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற அப்பா அபூர்வம். வீட்டில் அடி உதை இருந்தால் இது வேறு விஷயம், 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். வேண்டாம்னு சொன்னா "சின்னப் பையன்"னு கிண்டல் பண்றாங்க. என்ன சொல்லித் தப்பிக்கிறது?

நீளமாக விளக்கம் சொல்லாதே தம்பி, விளக்கம் சொன்னால் வாதம் தொடங்கிவிடும். "காலைல கிரவுண்டு போகணும்டா" என்று எழுந்து வந்துவிடு. உன்னை மாதிரியே இன்னொருவன் அந்தக் கூட்டத்தில் சங்கடத்தோடு உட்கார்ந்திருப்பான், நிச்சயமாக. அவனையும் வண்டியில் ஏற்றிக்கொள். குடித்தவன் ஓட்டும் வண்டியில் மட்டும் ஏறாதே, எத்தனை மணியானாலும் வீட்டுக்குப் போன் பண்ணு. பெற்றோர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: அந்த போன் வந்தால் அன்றைக்குத் திட்டாமல் போய்க் கூட்டி வாருங்கள்.

ஒரு பையன் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தால் மோர், எலுமிச்சைச் சாறு கொடுக்கலாமா? (ஆட்டோ ஓட்டுநர், ஆரப்பாளையம்)

எதையும் வாயில் ஊற்றாதீர்கள் அண்ணே, மூச்சுக்குழாயில் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, தலையில் தண்ணீர் கொட்டவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்கக் கிடத்தினால் வாந்தி அடைத்துவிடும். கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் உடனே 108. "தூங்கி எழுந்தா சரியாயிரும்" என்று விட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது குடலிலிருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கூட வந்த பையன்கள் போலீஸுக்குப் பயந்து ஓடப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவனையாவது நிறுத்தி, எவ்வளவு குடித்தான், கூட மாத்திரை ஏதாவது போட்டானா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.