கிரேக்கச் சாடி: அசலா, நகலா, எதை வாங்குவது?

கேள்வி: அடுத்த மாதம் ஏதென்ஸ் போகிறோம். புராணக் காட்சி தீட்டிய சாடி ஒன்று வாங்கிவர ஆசை. இணைய ஏலத்திலும் ‘கி.மு. 5ஆம் நூற்றாண்டு அசல்’ என்று ஒரு கிண்ணம் 40,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. சோதனைச் சான்றிதழும் உண்டாம். எதை வாங்கலாம்?

பதில்: ஏலக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். போலியானால் பணம் போகும்; அசலானால் அது கல்லறைக் கொள்ளையில் கிடைத்ததாக இருக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமே இதில் அகப்பட்டிருக்கிறது. பழங்கால கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியஸ் தீட்டிய, மதுவும் நீரும் கலக்கும் பெரிய சாடியை 1972இல் 10 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். டிராய்ப் போரில் மாண்ட சர்பிடான் என்ற வீரனின் உடலை உறக்கத் தேவனும் மரணத் தேவனும் இருபுறம் நின்று தூக்குகிற காட்சி. பார்த்தால் மனம் கனத்துவிடும். இத்தாலியில் செர்வெத்தேரி ஊரின் பழங்கல்லறையிலிருந்து திருடப்பட்டது அது. 2008இல் இத்தாலிக்கே திரும்பியது.

சான்றிதழை நம்பி ஏமாறாதீர்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனை மண் எப்போது சுடப்பட்டது என்றுதான் காட்டும். யார் தோண்டி எடுத்தார்கள் என்று காட்டாது. நீங்கள் கேட்க வேண்டியது, கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முன்பே பொருள் யாரிடம் இருந்தது என்பதற்கான பழைய ரசீது அல்லது ஏலப் பட்டியல். ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது. கிரேக்க நாட்டிலோ தொல்பொருளை அனுமதியின்றி வெளியே கொண்டுபோவது குற்றம்.

ஆகவே நகலே வாங்குங்கள், நல்ல நகலாக. சிவப்பு மண்மேல் உருவம் கருப்பாக இருப்பது கருப்பு உருவப் பாணி. அதில் ஓவியர் உருவத்தைத் தீட்டி, தாடி, கவசம், குதிரைப் பிடரி எல்லாவற்றையும் கூர்முனையால் கீறிச் செதுக்குவார். நகத்தால் தடவுங்கள், கீறல் தட்டுப்பட்டால் கைவேலை. வழவழவென்று ஓடினால் ஒட்டுப்படம், அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள். பின்னணி கருப்பாகவும் உருவம் சிவப்பாகவும் இருக்கும் சிவப்பு உருவப் பாணியில் இந்தக் கீறல் இராது. கோடுகள் தூரிகையால் வரைந்தவை.

பழைய கருப்பு தனிச் சாயமே அல்ல. மிக நுண்ணிய களிமண் குழம்பைப் பூசி, சூளையில் காற்றை அடைத்துப் புகையவிட்டு, மறுபடி காற்று விடுவார்கள். பூசிய இடம் கருப்பாகவே நிற்கும், மற்ற இடம் சிவக்கும். ‘கருப்பு சூளையில் வந்ததா, மேலே அடித்த சாயமா?’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். செய்தவர் என்றால் ஆசையாகவே விளக்குவார். ரசீதில் ‘நகல்’ என்று எழுதி வாங்குங்கள், விமான நிலையத்தில் கேள்வி வந்தால் உதவும். அருங்காட்சியகக் கடைகளில் நகல் என்ற சான்றோடே தருகிறார்கள்.

கேள்வி: வாங்கிய சாடியில் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கடைக்காரர் தெளிவாகச் சொன்னாலன்றி வேண்டாம்; சாயம் உரியலாம், மண் கசியலாம். உலர்ந்த பூ வைக்கலாம். வரும்போது உள்ளே துணி திணித்துக் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் அடியில் கைகொடுங்கள்.