சீட் கொடுப்பார்கள், கழிப்பறை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் திருநங்கை. பிளஸ் டூ முடித்துவிட்டேன், பி.காம். சேர ஆசை. விசாரித்த கல்லூரிகள் எல்லாமே ‘எங்களிடம் பாகுபாடே கிடையாது’ என்கின்றன. எதை நம்புவது?
– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: அந்த வாசகத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே சொல்லிவிட்டது. சட்டப்படி செய்தாக வேண்டியதைச் சலுகைபோலச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். விழா நாளில் போகாமல் வகுப்பு நடக்கிற ஒரு சாதாரண நாளில் அலுவலகத்துக்குப் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் வருகைப்பதிவு. சான்றிதழில் பழைய பெயர் இருந்தாலும் வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா? பல கல்லூரிகளில் வருகைப்பதிவு, அடையாள அட்டை, நூலக அட்டை, உள்மதிப்பெண் பட்டியல் எல்லாம் சேர்க்கை விண்ணப்பத்தில் இருக்கும் பெயரிலிருந்து கணினியில் தானாக வருகின்றன. அதில் ‘அழைக்கும் பெயர்’ என்று தனி இடம் உண்டா, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஹெச்.ஓ.டி.கிட்டப் பேசிக்கலாம்மா’ என்று பதில் வந்தால், ஒவ்வொரு செமஸ்டரும் ஐந்தாறு ஆசிரியர்களிடம் நீங்களே போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

அடுத்தது கழிப்பறை. இருக்கிறது என்றால் நடந்து போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரே ஒரு கழிப்பறையைக் காட்டுவார்கள். அது பூட்டியிருக்கும், சாவி அலுவலகத்தில் இருக்கும். மூன்றாவது மாடியில் வகுப்பு, பத்து நிமிட இடைவேளை என்றால் என்ன ஆகும்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கத் தொடங்குவீர்கள். சிறுநீர்த் தொற்று வரும், பிறகு வகுப்புக்கு வராமலிருப்பீர்கள், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். இந்தச் சங்கிலியில் ஆள் வெளியேறினால் ‘படிப்பில் ஆர்வம் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றாவது, புகார் வாங்குபவர் யார்? அதே சட்டத்தின் 11-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கான உள்புகார்க் குழுவுக்கும் நீங்கள் போகலாம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிமுறைகள் திருநர் மாணவர்களையும் குறிப்பிட்டுச் சொல்கின்றன. அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் ஓய்வு பெற்றுப் போனவர்களின் பெயர் இருந்தால் குழு கூடியே பல காலம் ஆகியிருக்கும்.

மாணவர் ஆலோசகர் இருந்தால் ஒருமுறை பேசிவிடுங்கள். ‘வயசுக்கோளாறு, மாறிடும்’ என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். உங்களைத் திருநங்கையாக இல்லாமல் மாற்றிவிடுகிறேன் என்று மருத்துவர் சிகிச்சை கொடுப்பதைத் தொழில்நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது.

கடைசியாக, இதுவரை எத்தனை திருநர் மாணவர்கள் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் டிகிரி முடித்தார்கள் என்று கேளுங்கள். ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தும் கல்லூரிகளில் சிலவற்றுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. அந்த முகச்சுளிப்பும் ஒரு பதில்தான்.

மகளிர் கல்லூரி என்றால் நேரில் கேட்டதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மாறினால் வாய்வார்த்தையும் மாறிவிடும்.

கேள்வி: நான் திருநம்பி, வயது 17. மகளிர் பள்ளியில் படித்தேன். எல்லாச் சான்றிதழிலும் பழைய பெயர். மாற்றிவிட்டுத்தான் கல்லூரியில் சேர வேண்டுமா?
– கே., மதுரை

பதில்: வேண்டாம். அதற்காக ஒரு வருடத்தை இழக்காதீர்கள். பழைய பெயரிலேயே சேர்ந்துவிட்டுப் பிறகு மாற்றலாம். ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ். மத்திய அரசின் திருநர் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது ஆகும்வரை பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க முடியும். வீட்டில் ஒத்துழைப்பு இல்லையென்றால் பிறந்த நாள்வரை பொறுப்பதைத் தவிர வழியில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் என்னென்ன இணைக்க வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் அன்று தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை வைத்து ஆதார், அடுத்து வங்கிக் கணக்கு, அரசிதழில் பெயர் மாற்றம், கடைசியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் மதிப்பெண் சான்றிதழ்.

எங்கே சிக்கும்? விண்ணப்பப் பதிவுக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் நடுவில் ஆதாரை மாற்றினால் கவுன்சலிங்கில் நிறுத்திவைப்பார்கள். ஆகவே சேர்க்கை முடியும்வரை எதையும் தொடாதீர்கள். சேர்ந்த பிறகு, முதல் செமஸ்டர் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குள் மாற்ற முயலுங்கள். தவறினால் மதிப்பெண் பட்டியல்கள் இரண்டு பெயர்களில் இருக்கும். பட்டம் வாங்கும்போது இழுபறி. இன்னொன்று, நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. ஆதாரில் எழுத்து முன்னால், மதிப்பெண் சான்றிதழில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் உதவித்தொகை கணக்குக்கு வராது. புதுப் பெயரை எங்கே, எப்படி எழுதுவது என்று முதல் நாளே முடிவுசெய்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதே எழுத்துகளில் கொடுங்கள்.

மாற்றுச் சான்றிதழில் மகளிர் பள்ளியின் பெயர் இருப்பதை அழிக்க முடியாது. அதை அலுவலகம்தான் பார்க்கும். வகுப்பு ஆசிரியருக்கோ மாணவர்களுக்கோ தெரிய வேண்டியதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சேரும்போதே அலுவலகக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கட்டணம் கட்ட வசதியில்லை. உதவி உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: உண்டு. உயர்கல்வி படிக்கும் திருநர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளை அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது. திருநங்கையர் நல வாரிய அட்டையோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். ‘முதலில் கட்டிவிடுங்கள், பணம் வந்ததும் தருகிறோம்’ என்று கல்லூரி சொன்னால் தவணைக்கு எழுதிக் கேளுங்கள். மத்திய அரசின் ஸ்மைல் திட்டத்திலும் உதவித்தொகை இருக்கிறது. மாநிலத்தின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் திருநங்கையர் 2015-இல் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் நீங்கள் எஸ்.சி. அல்லது எஸ்.டி. என்றால் கையிலிருக்கும் சாதிச் சான்றிதழை மாற்ற அவசரப்படாதீர்கள். அதில் கிடைக்கும் இடஒதுக்கீடும் உதவித்தொகையும் உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம்.

கேள்வி: என் மகள் திருநங்கை. வெளியூரில் ஹாஸ்டலில் விட பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தென்காசி

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. ஆண்கள் விடுதியில்தான் இடம் என்று சொன்னால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். பெண்கள் விடுதியில் இடம் தருவதாகச் சொன்னால் அறையையும் குளியலறையையும் பாருங்கள்: பொதுக்குளியல் வரிசையா, தனித்தனியா, தாழ்ப்பாள் உள்ளே சரியாக விழுகிறதா, இரவில் வார்டன் உள்ளேயே தங்குகிறாரா? ‘தனி அறை’ என்று சொல்லி இரட்டிப்புக் கட்டணம் கேட்பதும் நடக்கும்; அந்தத் தொகையை எழுத்தில் கேட்டால் பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

ராகிங் என்றால் அடிஉதை மட்டுமல்ல. பாலின அடையாளத்தைச் சொல்லிக் கேலி செய்வதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று யு.ஜி.சி. 2016-இல் விதியில் சேர்த்துவிட்டது. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் மகளின் போனில் இருக்கட்டும்.

வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் சுமாரான கல்லூரி கிடைத்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் திருநங்கையருக்குக் கட்டணம் இல்லை. ஹார்மோன் சிகிச்சை எடுப்பதாக இருந்தால் மருத்துவமனை தூரத்தையும் கணக்கில் வையுங்கள். சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

எங்கே சேர்த்தாலும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் விட்டுவிடாதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு. முதல் மாதத்திலேயே சரிப்படவில்லை என்றால் வேறு இடம் மாற அந்தக் காகிதங்கள் கையில் இருந்தாக வேண்டும்.