சராசரி ஒரு பக்கம், எல்லை வேறொரு பக்கம்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் தயாரிக்கிறோம். மணிக்கு ஒரு தடவை 200 கிராம் பாக்கெட்டில் 5 எடுத்து எடை போட்டு, எக்செலில் சராசரியோடு எழுதுகிறோம். வாங்குகிறவர் ரிப்போர்ட்டில் கன்ட்ரோல் லிமிட்டும் வேண்டும் என்கிறார். பக்கத்தில் 191, 209 என்று போட்டோம். எல்லா வரியும் ‘சரி’ என்றே வருகிறது. இது போதுமா?

பதில்: போதாது. 191 என்பது சட்டமுறை எடையளவு விதிகள் (2011) ஒரு தனி பாக்கெட்டுக்கு விட்டுக்கொடுக்கும் அளவு. 200 கிராமுக்கு 9 கிராம் வரை பிழை இருக்கலாம். அதைச் சராசரிக்குப் பக்கத்தில் வைத்தால் அது எதையும் பிடிக்காது. ஐந்து பாக்கெட்டின் சராசரி, தனி பாக்கெட் அளவுக்கு அலையாது. கட்டுப்பாட்டு எல்லை (கன்ட்ரோல் லிமிட்), அதாவது சராசரி தாண்டினால் ஏதோ மாறிவிட்டது என்று காட்டும் கோடு, விதியிலிருந்து வருவதில்லை, உங்கள் பேக்கிங்கின் இயல்பான ஏற்ற இறக்கத்திலிருந்துதான் வரும்.

முதலில், வேலை ஒழுங்காக ஓடிய நாட்களில் 25 தடவை எடுத்த எடைகளைச் சேருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் சராசரியும் வீச்சும் (அதிகபட்ச எடையில் குறைந்தபட்ச எடையைக் கழித்தது) வேண்டும். 25 சராசரிகளின் சராசரி 202.0, வீச்சுகளின் சராசரி 4.0 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாக்கெட்டுக்கான மாறிலி (இந்தக் கணக்குக்கான புள்ளியியல் அட்டவணையில் இருக்கும் நிலையான எண்) 0.577. அதை 4.0-ஆல் பெருக்கினால் 2.308. அதை 202.0-உடன் கூட்டினால் மேல் எல்லை 204.308, கழித்தால் கீழ் எல்லை 199.692. வீச்சுக்கான மாறிலி வேறு, 2.114; வீச்சின் மேல் எல்லை 2.114 × 4.0 = 8.456. வீச்சுக்குக் கீழ் எல்லை பூஜ்யம்.

இப்போது ஒரு வரியைப் பாருங்கள்: 201, 204, 207, 206, 205. ஒரு பாக்கெட்டும் 191–209-ஐத் தாண்டவில்லை. ஆனால் சராசரி 204.6, மேல் எல்லைக்கு வெளியே. வீச்சு 6, அது சரி. அதாவது பாக்கெட்டுக்கு பாக்கெட் வித்தியாசம் கூடவில்லை, மொத்த எடையுமே மேலே நகர்ந்திருக்கிறது. தராசின் பூஜ்யத்தையும், வெறும் கவரின் எடை கழிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். உங்கள் பழைய அட்டவணை இதற்கும் ‘சரி’ என்றுதான் சொல்லியிருக்கும்.

அட்டவணையில் வரிசை இப்படி இருக்கட்டும்: நேரம், ஐந்து எடைகள், கீழ் எல்லை, சராசரி, மேல் எல்லை, வீச்சு, வீச்சின் மேல் எல்லை, நிலை, காரணம். சராசரி இரண்டு எல்லைக்கும் நடுவில் நின்றால் கண் தேடி அலையாது. 191 கிராம் கணக்கை அட்டவணைக்குக் கீழே தனி வரியாக எழுதுங்கள், அது தனி பாக்கெட்டுக்கு என்று சொல்லியே எழுதுங்கள்.

எல்லையை முழு கிராமாக்காதீர்கள். 204.308-ஐ 204 என்று வைத்தால், நியாயமான 204.2 கூட ‘வெளியே’ ஆகிவிடும். தராசு 0.1 கிராம் வரை காட்டினால் இன்னொரு குழப்பமும் உண்டு: 204.32 வெளியேதான், ஆனால் ஒரு தசமம் மட்டும் காட்டினால் சராசரி, மேல் எல்லை இரண்டு கட்டத்திலும் 204.3 என்றே தெரியும். படிக்கிறவர் கணக்கைச் சந்தேகிப்பார். இரண்டு தசமம் காட்டுங்கள்.

‘நிலை’ கட்டத்தின் சூத்திரத்தில், ஐந்து எடையும் எண்ணாக இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள், பிறகு எல்லையோடு ஒப்பிடுங்கள். யாராவது ‘201கி’ என்று அடித்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நாலு பாக்கெட்டுக்குச் சராசரி போட்டுவிடும். நாலுக்கு மாறிலியே வேறு, 0.729. நிலையை நிறத்தால் மட்டும் காட்டாமல் ‘வெளியே’ என்று எழுத்திலும் வரவையுங்கள். கறுப்பு வெள்ளை பிரிண்டில் சிவப்பு தெரியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அன்றன்றைய எடைகளை வைத்தே அன்றைய எல்லையைக் கணக்கிடும்படி சூத்திரம் போட்டுவிடுகிறார்கள். தராசு கோளாறாகி வீச்சு பெருகும் நாளில் எல்லையும் கூடவே அகன்று, கோளாறை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லையைத் தனித் தாளில், அமலுக்கு வந்த தேதியோடு வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் அது வெறும் எண்ணாக நிற்கட்டும், சூத்திரமாக அல்ல. புதிய தராசோ புதிய பேக்கிங் மெஷினோ வந்தால் மறுபடி 25 தடவை எடுத்துப் புது எல்லை போடுங்கள். பழைய வரிகளில் பழைய எல்லை அப்படியே இருக்க வேண்டும்.