ஊசி குத்திவிட்டது, டியூட்டி இன்னும் முடியவில்லை

கேள்வி: நைட் டியூட்டியில் 30 நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. மெமோ வருமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது?
- ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதம் எங்களிடம் வந்து சேர்வதற்குள் 72 மணி நேரம் கடந்திருக்கும். அதன்பின் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்குவதில் பயனில்லை. உங்களுக்கு இனி பரிசோதனைதான்: இப்போதே ஒருமுறை, பிறகு குத்திய நாளிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதம். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்வார்கள். அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்திருந்தாலும், ஒருமுறை குத்தியதில் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அப்படியல்ல; தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை போகும். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸும் போட்டீர்களா? போட்டிருந்தால், ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டி-எச்.பி.எஸ். அளவு 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறோம். குத்தியதும் கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டாம். டியூட்டி டாக்டரிடம் சொல்லி, நோயாளியின் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவுக்காகக் காத்திருக்காமல், டாக்டர் பரிந்துரைத்தால் எச்.ஐ.வி. தடுப்புக்கான முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது, தினம் ஒன்று, 28 நாள். பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. முதல் வாரக் குமட்டல் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) தடுப்பூசியின் முதல் டோஸும் 24 மணி நேரத்துக்குள் வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்கு இப்படித் தடுப்பு மருந்து கிடையாது; ஆனால் வந்தால் மாத்திரையில் குணமாகும்.

ஊசிக்கு மூடி போடும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா வார்டின் மறுகோடியில் இருப்பதால்தான். டிராலியிலேயே ஒரு டப்பா வையுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். மெமோ விஷயத்துக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி சாதாரண மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ். 30 பேரை ஒருவரிடம் விட்டவர்கள் ‘கவனக்குறைவு’ என்று விளக்கம் கேட்டால், அடுத்த முறை ஊசி குத்தியவர் வாய் திறக்க மாட்டார். ஊசி குத்தியதை ரெஜிஸ்டரில் எழுதும்போது நேரத்தோடு அன்று வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: விடிகாலையில் மருந்து தவறாகப் போய்விடுமோ என்று கை நடுங்குகிறது. எதில் அதிகக் கவனம் தேவை?
- ஐ.சி.யூ. நர்ஸ், மதுரை

பதில்: இரண்டைச் சொல்லலாம். ஒன்று இன்சுலின். நம் ஊர் இன்சுலின் குப்பியில் (வயல்) ஒரு மில்லியில் 40 யூனிட், இன்சுலின் பேனா கார்ட்ரிட்ஜில் 100. பேனா ஓடவில்லை என்று கார்ட்ரிட்ஜிலிருந்து அந்தக் குப்பிக்கான சிவப்பு மூடி 40 சிரிஞ்சில் ‘10’ கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். நோயாளி தூங்குகிறார் என்றே நினைப்பீர்கள், சர்க்கரை இறங்கியிருக்கும். இன்னொன்று பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் போலவே இருக்கும். கரைசலில் கலக்காமல் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதைத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். இந்த இரண்டையும் போடுவதற்கு முன், பக்கத்து வார்டிலிருந்தாவது ஒருவரைக் கூப்பிட்டு லேபிளையும் அளவையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மருந்து இழுக்கும்போது போன் அடித்தால் அடிக்கட்டும்.

கேள்வி: நோயாளியின் உறவினர் கன்னத்தில் அறைந்துவிட்டார். நிர்வாகம் சமாதானமாகப் போகச் சொல்கிறது.
- பயிற்சி மருத்துவர், சேலம்

பதில்: தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இது ஜாமீனில் வர முடியாத குற்றம். அன்றே காயத்தைப் பரிசோதித்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். சி.சி.டி.வி. காட்சி சில நாட்களில் அழிந்துவிடும். எடுத்துவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பணியில் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே போலீசில் புகார் பதிய வேண்டும் என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் நகலைப் புகாரோடு இணையுங்கள். சமாதானம் பேசுவதென்றாலும் புகார் பதிந்த பிறகே பேசுங்கள்.