செவ்வாய்க்கிழமை ரெய்னா சோஃபியா டிக்கெட் ஏன் வரவில்லை

நால்வருமாக மாட்ரிட் போகிறீர்கள், புதனுக்கு பிராதோ அருங்காட்சியகம் போட்டாயிற்று, செவ்வாய்க்கு ரெய்னா சோஃபியா அருங்காட்சியக டிக்கெட் மட்டும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் போனிலும் இல்லை, கார்டிலும் இல்லை. மாட்ரிட்டில் ரெய்னா சோஃபியாவுக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை, அதனால்தான் அந்தத் தேதியே காட்டவில்லை. பிராதோ வாரம் முழுக்கத் திறந்திருப்பதால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள் போல.

புதனுக்குப் போட்டிருக்கும் பிராதோவைச் செவ்வாய்க்கு மாற்றி, புதனில் ரெய்னா சோஃபியா காட்டுகிறதா பாருங்கள். இரண்டுக்கும் இடையே நடக்கிற தூரம்தான் என்றாலும் தயவுசெய்து ஒரே நாளில் திணிக்காதீர்கள். பிராதோவில், வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' முன்னாலும், கோயாவின் கறுப்பு ஓவியங்கள் இருக்கும் அறையிலும் மட்டுமே ஒரு மணி நேரம் போய்விடும், போகட்டும். அப்புறம் நால்வருமாக லா லத்தீனா பக்கம் காவா பாஹா தெருவுக்குப் போய், ஆளுக்கொரு வெர்முத் (மூலிகை சேர்த்த ஒயின்), கடைக்கொரு தாப்பாஸ் (சின்னத் தட்டில் வரும் தின்பண்டம்) என்று மெதுவாக நகருங்கள். இரவுச் சாப்பாடு அங்கே 9 மணிக்கு மேல்தான் களைகட்டும்.

ஒரு விஷயம்: பிராதோவில் கடைசி 2 மணி நேரம் இலவசம்தான், ஆனால் வரிசை நீளும், பார்க்க நேரமும் போதாது. பண்டிகை நாள் குறுக்கிட்டால் நேரங்கள் மாறும், புக் செய்யுமுன் பார்த்துவிடுங்கள்.