சூரிக்கில் தங்குவதா, மலையேறுவதா?

கேள்வி: ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் பாரிஸிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் செல்லவிருக்கிறோம். நடுவே சுவிட்சர்லாந்தில் இரண்டு இரவுகள் தங்கலாம். சூரிக்கில் தங்கினால் அலைச்சல் இல்லை என்கிறார் மனைவி. எனக்கோ மலைமேல் ஒரு சிற்றூரில் தங்க ஆசை. இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். எது நல்லது?
– வாசகர், திருச்சி

பதில்: அலைச்சலைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வது முற்றிலும் சரி. பாரிஸிலிருந்து சூரிக்குக்கு நான்கு மணி நேரத்தில் நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கப்பாதை வழியாக மிலானுக்கும் நேராகப் போய்விடலாம். மலைக்கோ பாசல், இன்டர்லாக்கன், லவுட்டர்புருன்னென் என மூன்று இடங்களிலாவது வண்டி மாற வேண்டும். இருந்தாலும் மலையில் தங்குங்கள் என்றே சொல்வேன். பாரிஸ், வெனிஸ் என்ற இரு பெருநகரங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு நகரத்தை வைத்தால், எதுவுமே மனத்தில் தனித்து நிற்காது. மேலும், நகரத்தைப் போகிற போக்கில் பார்த்துவிடலாம். மலையை மேகம் மூடிவிட்டால் மறுநாள்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு இரவுகள் மலைக்குத்தான் தேவை.

நான் பரிந்துரைக்கும் ஊர் வெங்கென். 1,274 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூருக்குக் கார் போகும் சாலை கிடையாது. லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கிலிருந்து பற்சக்கர ரயில் கால் மணி நேரத்திற்குள் ஏற்றிவிடுகிறது. ஏறும்போதே, ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் ஸ்டவுப்பாக் அருவி எதிர்ப்புறம் தெரியும்; காற்றடித்தால் அதன் நீர் பாறையைத் தொடாமலே திவலைகளாகச் சிதறுவதைக் காணலாம். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், சுற்றுலாக் கூட்டம் இறங்கிய பிறகு யுங்ஃப்ரா மலையின் பனிமுகட்டை அமைதியாகப் பார்க்கும் வாய்ப்பு அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். சைவ உணவைப் பற்றிய கவலையும் வேண்டாம். ரயில் நிலையத்தருகே கூப் அங்காடி இருக்கிறது.

3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராயோக் ரயில் நிலையத்துக்குச் செல்வதானால், பயணச்சீட்டை முன்னதாக வாங்காமல், காலையில் நேரலைக் கேமராவில் வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செலவு மிக அதிகம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்பதால், இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். அதற்குக் கீழே 2,061 மீட்டரில் உள்ள கிளைன ஷைடெக் வரை ரயிலில் போனாலே ஐகர் மலையின் வடக்குச் சுவர் கண்ணெதிரே நிற்கும். உங்கள் வயதில் எனக்கு அதுவே போதுமென்று தோன்றும்.

நகரத்தையும் இழக்க வேண்டியதில்லை. பாசலிலிருந்து இன்டர்லாக்கனுக்குப் போகும் வழியில்தான் பெர்ன் நகரம் இருக்கிறது; அங்கே இறங்குங்கள். பெட்டிகளை நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் நடந்தால், மூன்று பக்கமும் ஆரே ஆறு வளைந்தோடும் பழைய நகரத்தைப் பார்த்துவிடலாம். தெருவோரம் நெடுக வளைவுக்கூரை இருப்பதால் மழையும் தடையாகாது. ஐன்ஸ்டைன் 1905இல் குடியிருந்த வீடும் அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் இருக்கிறது.

மிலானுக்கும் இன்டர்லாக்கன் வழியாகவே திரும்புவீர்கள் என்பதால், பெரிய பெட்டிகளை அங்குள்ள பெட்டகத்தில் வைத்துவிட்டு, இரண்டு நாள் துணிகளை மட்டும் மேலே கொண்டு செல்லுங்கள். உங்கள் மனைவி அஞ்சும் அலைச்சலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். இறங்கும் நாளில், இன்டர்லாக்கனுக்கு அருகிலுள்ள ஷ்பீட்ஸ் நிலையத்தில் மிலான் வண்டியைப் பிடித்து, மிலானில் வெனிஸ் வண்டிக்கு மாற வேண்டும். ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ஆகுமாதலால் காலையிலேயே புறப்படுங்கள். பாரிஸிலிருந்து வரும் டிஜிவி அதிவேக ரயிலுக்கும் இத்தாலிக்குச் செல்லும் ரயில்களுக்கும் இருக்கைகளை முன்பதிவு செய்துவிடுங்கள். பெர்னிலிருந்து வெங்கென் வரை முன்பதிவு தேவையில்லை. ஒரு வண்டி போனால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம்.