திருப்பத்தில் அடங்கும் இன்ஜின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மிச்சிகனில் இருக்கிறேன். மூன்று வருடங்களாக ரேடியோ கன்ட்ரோல் படகுப் பந்தயத்தில் ஈடுபாடு. என்னுடையது 7.5 சிசி நைட்ரோ இன்ஜின் வைத்த ஹைட்ரோ, நீர்மேல் தத்திப் பாயும் பந்தயப் படகு. நேர் ஓட்டத்தில் என் படகை முந்த ஆளில்லை. ஆனால் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது இன்ஜின் அடங்கிவிடுகிறது, மறுபடி வேகம் பிடிப்பதற்குள் மூன்று படகுகள் தாண்டிவிடுகின்றன. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலை இறுக்கிப் பார்த்தேன். நேர் வேகம் கூடியது, திருப்பம் இன்னும் மோசமானது. போன மாதம் பிஸ்டன் உருகிவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் இது இரண்டாவது இன்ஜின். ஒரு குதிரைத்திறன் கூடுதலாகத் தரும் புது இன்ஜின் வந்திருக்கிறது, வாங்கலாமா? எரிபொருளில் நைட்ரோமீத்தேனை 60 சதவீதமாக்கலாமா? இல்லை, மின்மோட்டாருக்கே மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மின்மோட்டார் நல்லதுதான். ஆனால் நீங்கள் அதை விரும்பிக் கேட்கவில்லை, சலித்துப்போய்க் கேட்கிறீர்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். நைட்ரோவைக் கூட்டுவதும் இப்போது வேண்டாம்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸாஸ்ட் பக்கத்து, அதாவது புகை வெளியேறும் பக்கத்து, விளிம்பு மட்டும் எலி கடித்ததுபோல அரிக்கப்பட்டிருக்கிறது. மேற்பரப்பு முழுக்க ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள். அந்த பிஸ்டன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நீங்கள் அதைப் படிக்காமல் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம், சொல்லத்தான் வேண்டும். எரிபொருளைக் குறைத்துப் பட்டினி போட்டால் வேகம் கூடுவது உண்மை. எரிபொருளில் இருக்கும் மெத்தனாலோடு சேர்ந்துதான் ஆமணக்கு எண்ணெயும் உள்ளே போகிறது. நீடிலை இறுக்கும்போது தீனியோடு எண்ணெயும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'லீன் ஆயிடுச்சு, சீஸ் ஆயிடும்' என்று, அதாவது தீனி குறைந்து பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும் என்று, சொல்வது இதைத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பிஸ்டனைப் பற்றி அல்ல, எக்ஸாஸ்ட் பைப்பைப் பற்றி. பல வருடங்களாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது அது, உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

நான் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரில் படித்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது சோப்பாவ். இன்றைய ரேஸ் டூ ஸ்ட்ரோக் எல்லாவற்றுக்கும் அது தாய்வீடு. எம்.இசட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், 1950களில், வால்டர் காடன் என்ற பொறியாளர் எக்ஸாஸ்ட் பைப்பை இன்ஜினின் ஒரு உறுப்பாகவே மாற்றினார். கிழக்கு ஜெர்மனியில் காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. அவர் கையில் இருந்தது அலைகளைத் திரையில் காட்டும் ஒரு ஆசிலோஸ்கோப்பும் பொறுமையும். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. ஒரு லிட்டருக்கு 200 என்ற கணக்கு! அதே வருடம் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப்போனார். மறுவருடம் சுசுகிக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தார். காடன் சோப்பாவிலேயே இருந்தார்.

நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கிழவர் இருந்தார். இளமையில் அந்தத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் 7.5 சிசி படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். எரிபொருள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். முதல் நாள் இன்ஜின் ஓடியதும் புகையில் ஆமணக்கு எண்ணெய் மணந்தது. என் பாட்டி தலையில் வைத்துத் தேய்த்த விளக்கெண்ணெயின் வாசம். அந்நிய ஊரில், பனி விலகாத ஏரிக்கரையில், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்ஜினையும் பைப்பையும் இணைக்கும் சிறு குழாயில் அவர் மெல்லிய கோடுகளைக் கீறி வைத்திருந்தார். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்று. சிலிக்கோன் இணைப்பைத் தளர்த்துவார், பைப்பை ஒரு கோடு வெளியே இழுப்பார், மறுபடி இறுக்குவார். கலவையைப் பற்றவைக்கும் பிளக்கிலிருந்து பைப்பின் பருத்த இடம்வரை நூல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். காலையில் ஒரு அளவு, வெயில் ஏறியதும் வேறு அளவு. ஒருநாள் நான் பொறுமையிழந்து, பெரிய இன்ஜின் வாங்கினால் இந்த வேலையெல்லாம் மிச்சம்தானே என்று கேட்டேன். "உனக்குக் காது இல்லையா?" என்று அதட்டினார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். எக்ஸாஸ்ட் வாய் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் ஓடுகிறது. விரியும் கூம்பில் அது உறிஞ்சலாகத் திரும்பி வந்து பழைய புகையை இழுக்கிறது. அதோடு கொஞ்சம் புதுக்கலவையும் வெளியே வந்துவிடும். பிறகு குறுகும் கூம்பில் மோதிய அலை திரும்பி வந்து, வாய் மூடுவதற்குள் அந்தக் கலவையை உள்ளே தள்ளி அடைக்கிறது. நிமிடத்துக்கு 22,000 சுற்றில் இத்தனையும் நடக்க ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அலை சரியான நேரத்துக்கு வந்தால்தான் பலம். ஒரு பைப் நீளத்துக்கு ஒரு சுற்று வேகம்தான் ஒத்துவரும். பைப்பைக் குறைத்தால் அந்த வேகம் மேலே போகும், நீட்டினால் கீழே வரும். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு, ஒரு கட்டத்தில் வண்டி திடீரென்று உதைத்துக்கொண்டு பாய்வது நினைவிருக்கும். அந்தப் பாய்ச்சலுக்கும் இதே அலைதான் காரணம்.

மோட்டார் சைக்கிளில் கியர் உண்டு. உங்கள் படகில் கிடையாது. நேர் ஓட்டத்தில் புரொப்பல்லர் பாதி நீரில், பாதி காற்றில் சுழல்கிறது. திரும்பும்போது அது நீரில் ஆழப் பதிகிறது, பாரம் ஏறுகிறது, சுற்று விழுகிறது. உங்கள் பைப் குட்டை. ஆகவே சுற்று விழுந்ததும் பைப்பின் துணை போய்விடுகிறது. அப்புறம் அது வெறும் 7.5 சிசி இன்ஜின், திரும்பி வருவதற்கு ஆயுள் ஆகும்.

இப்போது நீங்கள் செய்ததைப் பாருங்கள். நீடிலை இறுக்கினீர்கள். புகை சூடானது. சூடான வாயுவில் அலை வேகமாக ஓடும், சீக்கிரமே திரும்பிவிடும். அதாவது ரம்பத்தைத் தொடாமலேயே பைப்பை இன்னும் குட்டையாக்கிவிட்டீர்கள்! நேர் வேகம் கூடியதும் திருப்பம் கெட்டதும் பிஸ்டன் உருகியதும் மூன்று தொல்லைகள் அல்ல, ஒரே தொல்லை. புது இன்ஜின் வாங்கி இதே பைப்பை, இதே கையோடு மாட்டினால் அதுவும் உருகும். அந்தக் கூடுதல் குதிரைத்திறன் சோதனை மேடையில் ஏதோ ஒரு சுற்று வேகத்தில் அளந்தது. அங்கே மிதவை ஏது?

புது பிஸ்டனும் அது ஓடும் உருளையான ஸ்லீவும் மட்டும் வாங்குங்கள், ஜோடியாக. பைப்பை ஆறு மில்லிமீட்டர் நீட்டுங்கள். நீடிலைத் தாராளமாகத் திறந்துவைத்துத் தொடங்குங்கள், புகைக்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். நேர் வேகம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு மில்லிமீட்டர். அதற்கும் மசியாவிட்டால் ஒரு அளவு சின்ன புரொப்பல்லர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கம்பி ஈரமாகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால் உடனே நீடிலைத் திறங்கள்.

அடுத்த கடிதத்தில் குதிரைத்திறன் கணக்கு வேண்டாம். பிளக் கம்பியின் படத்தையும், நூல் வைத்து அளந்த நீளத்தையும் அனுப்புங்கள். அந்த உருகிய பிஸ்டனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிழவரின் மேஜையில் அப்படி ஏழு இருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் தேதி கீறியிருந்தது.

அன்புடன்.